மலைப்பாதைதான்னு நான் சொன்னேன்

...இல்ல தம்பி, நான் கேக்குறேன், சைக்கிள்ல போறவனுக்குப் பின்னாடி கார்ல சூப்பு அண்டா வரணுமாம்! அண்டா! பருப்பு சூப்பு! ஆறிடக் கூடாதுன்னு அதுக்கு ஒரு கம்பளி வேற. இவங்க சைக்கிள் ஓட்டப் போறாங்களா, கல்யாண ஊர்வலம் போறாங்களா? ...கால நல்லா நீட்டிக்குங்க, நான் நகந்துக்குறேன். அகபா வரைக்கும்தானே? சரி, அப்ப நிதானமாவே சொல்றேன்.

அம்மான் பட்டணத்துல எங்க சைக்கிள் கிளப்பு. குளிர்காலத்துல அம்மான்லேருந்து அகபாவுக்கு ஓட்டணும், கடல்ல கால நனைக்கணும்னு ஆரம்பிச்சதே நானும் ஜிர்யிஸும்தான். ஜிர்யிஸ் மாதபா ஊர்க்காரன், என் கூட்டாளி, மாவு மில்லு வச்சிருக்கான். அப்ப ரெண்டே பேரு. ஒரு பை பேரீச்சம்பழம், ரெண்டு பஞ்சர் ரப்பர்... கெளம்பிட்டோம். இப்ப? இப்ப கூட்டம் போட்டுப் பேசுறாங்க தம்பி, கூட்டம்! உள்ள போடுற பனியன் கம்பளியா பருத்தியான்னு ஒரு சாயங்காலம் பூராவும். நான் டீ குடிச்சே வயித்த ரொப்பிட்டு வந்தேன்.

இதுல ருதைனான்னு ஒரு அம்மா. மருந்துக் கடை வச்சிருக்காங்க, கிளப்புக்குச் செயலாளர். கையில போன வச்சிக்கிட்டு, என்னப் பாத்து, 'அபூ குஸை, வியாழக்கிழமை மலைமேல ஷோபக்ல பனி விழும்'னு சொல்றாங்க. ஏம்மா, மேகம் உங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சான்னு கேட்டேன். சிரிச்சாங்க எல்லாரும்... சிரிச்சிட்டு, அந்தம்மா பக்கமே கைய தூக்கிட்டாங்க! மலைமேல போற பழைய ராஜபாட்டை வேணாமாம். கீழ சாக்கடல் ஓரமா, வெதுவெதுன்னு, சமதரையில, வாழைத் தோப்பப் பாத்துக்கிட்டே போவாங்களாம். அதுக்கு எதுக்கய்யா சைக்கிளு? தள்ளுவண்டில உக்காந்து போங்களேன்!

முதன்னான்னு ஒரு வாத்தியாரு, அண்டா யோசனை அவரோடதுதான், அவரு சொல்றாரு, 'அண்ணே, வயசுக்கு ஏத்த பாதையா எடுப்போமே.' வயசு! யாரு வயசு? ...நீங்க சொல்லுங்க, என்னப் பாத்தா எவ்வளவு மதிப்பீங்க? ...பரவால்ல, சொல்ல வேணாம்.

எந்திரிச்சுட்டேன். 'கீழ போறவங்க போங்க, நான் தனியா மலைமேல வரேன். அகபாவுல உங்களுக்கு முன்னாடி உக்காந்து மீன் தின்னுக்கிட்டு இருப்பேன்'னேன். ஜிர்யிஸ் வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தான். 'போகாதடா, உனக்கு மலை வேணும்னா ஏப்ரல்ல நான் வரேன்'னான். ஏப்ரல்ல! ஏப்ரல்ல ஆட்டுக்குட்டி கூட ஏறும் அந்த மலைய.

என்ன? ...அப்ப பஸ்ல ஏன் வரேன்னா?

அதான... கேப்பீங்கன்னு தெரியும். சைக்கிள் அடியில சாமான் பெட்டில கெடக்கு, பாத்தீங்கல்ல. சொல்றேன். கரக் வரைக்கும் ராஜா மாதிரி போனேன். தஃபீலாவுல காத்து... காத்துன்னா, ஆள அப்படியே ஓரமா தள்ளுது. அங்கேருந்து ஒரு போட்டோ புடிச்சு கிளப்புக்கு அனுப்பினேன், 'கீழ சூப்பு நல்லா இருக்கா?'ன்னு. அப்புறம் ஷோபக்குக்கு ஏறுறப்ப... ஆமா, விழுந்துச்சு. பனிதான். அந்தம்மா சொன்ன அதே வியாழக்கிழமை. மேகத்துக்கு என்ன ஒரு விசுவாசம் பாருங்க! வெரலு பிரேக்கப் புடிக்கல தம்பி. புடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல. சைக்கிளோட சரிஞ்சு ஓரத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல குளிரே தெரியல, சுகமாத் தூக்கம் வருது... அது நல்லதில்லன்னு பின்னாடிதான் சொன்னாங்க. ஒரு ஆட்டு லாரிக்காரன் எறங்கி வந்து தூக்கி, ஆடுங்களுக்கு நடுவுல போட்டான். மோந்து பாருங்க, இன்னும் வாசம் போகல. மஆன் ஊர்ல அவன் வீட்டுலயே படுக்கவச்சு, சோறு போட்டு, இன்னிக்கு இந்த பஸ்ல ஏத்திவிட்டான்.

இதுல ஒரு திட்டம் இருக்கு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஊருக்கு முன்னாடியே எறங்கிடுவேன். கடைசிக் கொஞ்ச தூரம் ஓட்டி, கடல்கரையில மீனோட உக்காந்துடுவேன். அவங்க வரட்டும். எவனுக்குத் தெரியும்?

போனா? குளிர்ல செத்துப்போச்சு, நேத்து மலையிலேயே. ...ஓ, உங்க ஒயரு இதுக்குச் சேருமா? குடுங்க குடுங்க. நல்ல புள்ள. வந்துடுச்சு பாருங்க வெளிச்சம்...

என்ன இது, நிக்காம வந்துக்கிட்டே இருக்கு! எல்லாம் கிளப்பு ஆளுங்கதான். கேலியாத்தான் இருக்கும். அகபாவுலேருந்து கடலப் போட்டோ புடிச்சு அனுப்பியிருப்பாங்க. ஜிர்யிஸ் பேசி அனுப்பியிருக்கான், கேளுங்க நீங்களும், சிரிக்கலாம்...

...

அவங்க அகபாவுக்கே போகல தம்பி.

கேட்டீங்கல்ல? நேத்து என் போன் அடங்கினதும் கீழேயே ஓட்டத்த நிறுத்திட்டாங்க. சைக்கிள எல்லாம் யாரு வீட்டுலயோ போட்டுட்டு, கார்ல தஃபீலாவுக்கு ஏறி, அங்கேருந்து ஷோபக். ருதைனா போலீஸ் சாவடியில நின்னுக்கிட்டு வர்ற வண்டிய எல்லாம் மறிச்சுக் கேக்குறாங்களாம். முதன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயிருக்காரு. இவன்... ஜிர்யிஸ்... பள்ளத்துல எல்லாம் எறங்கிப் பாத்திருக்கான். பனியில. அவனுக்கு மூச்சு வாங்கும் தம்பி, மாவு நெஞ்சு அவனுக்கு. 'சைக்கிளாவது கண்ணுல படாதா'ன்னு சொல்றான், கேட்டீங்கல்ல. அழுதுக்கிட்டே சொல்றான்.

நான் மஆன்ல சோறு தின்னுட்டுத் தூங்கியிருக்கேன். லாரிக்காரன் கேட்டான், 'யாருக்காவது சொல்லணுமா பெரியவரே, என் போன் இருக்கே'ன்னு. ஒருத்தருக்கும் வேணாம்னுட்டேன். லாரியில வந்தது தெரிஞ்சிடுமேன்னு...

ஐயோ, கூப்பிடுறான். அவன்தான். அடிக்குது பாருங்க... என்னன்னு சொல்லுவேன் நான்?

தம்பி, புடிங்க. நீங்க பேசுங்க. ஆளு உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. ...சொல்லுங்க தம்பி.