நார்டு சக்கரம்

புதுசு இல்லையாம் தம்பி. நான் கண்டுபிடிச்சது புதுசே இல்லையாம். அக்கரைல, வலெட்டா காப்புரிமை ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லுது, கண்ணாடிய மூக்கு நுனிக்குத் தள்ளிக்கிட்டு. "மிஸ்டர் நார்டு, இது ஏற்கெனவே ஊருக்குத் தெரிஞ்ச விஷயம்." ஊருக்குத் தெரியாம? தெரியணும்னுதானே செஞ்சேன்... அந்தப் பைய கொஞ்சம் நகத்துங்க, உக்காந்துக்கிறேன். கப்பல் அந்தக் கரை சேர்ற வரைக்கும் நிக்க முடியாது என்னால.

சீஸ் வச்ச பஃப்ஸு, பஸ்டிட்ஸியா சாப்பிடுறீங்க? ஆறிப் போயிருக்குமே. இந்தக் கேன்டீன்ல டீ மட்டுந்தான் சூடு.

என்ன கண்டுபிடிச்சேன்னு கேக்குறீங்க... கேக்கலையா? பரவால்ல. திருவிழாவுக்கு சர்ச் முன்னாடி கம்பம் நட்டு நெருப்புச் சக்கரம் கட்டுவோம்ல, எல்லா ஊர்லயும் அது ஒரே பக்கமா சுத்தும், செக்குமாடு மாதிரி. என் சக்கரம் வலது பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும், சட்டுனு இடது பக்கம் திரும்பும். நிக்காது. அப்படியே பூவா விரியும். உள்ள ஒரு சணல் கயிறு, நெருப்பு வந்து அது அறுந்ததும் ஊசி கழண்டு ஸ்பிரிங்கு இழுக்கும். அவ்வளவுதான். ஆனா யாருக்குத் தோணுச்சு? எனக்குத்தான் தோணுச்சு.

எங்க ஊர்ல திருவிழாவப் போட்டி போட்டு நடத்துறது ரெண்டு பேண்டு கிளப்பு. நாங்க சிவப்பு, அவங்க நீலம். நீலத்துக்குச் சக்கரம் கட்டுறவன் ஃப்ரெடு. சொந்த யோசனைல ஒரு ஆணி அடிச்சவன் இல்ல. அடுத்த திருவிழால பாக்குறேன், அவன் சக்கரமும் திரும்புது. அதே கயிறு, அதே ஊசி. என் பேரு மட்டும் இல்ல. சும்மா விடுவேனா? காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டேன். தூக்கி என் மூஞ்சிலயே போட்டுட்டாங்க.

ஏன்னு கேளுங்க. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே யாரோ அத ஊரறியச் சொல்லிட்டாங்களாம். அப்படிச் சொல்லிட்டா அப்புறம் அது யாருக்கும் சொந்தம் இல்லையாம். என்ன சட்டம் இது? இத எழுதினவன் வாழ்க்கைல ஒரு திருவிழா பாத்திருப்பானா?

யாரு சொன்னதா? நான்தான் சொன்னேன். வேற எவனுக்குத் தெரியும்? முத வருஷத் திருவிழா, பாதிரியார் சக்கரத்துக்குத் தீர்த்தம் தெளிச்சு முடிச்சாரு, அதுவும் சுத்தித் திரும்பிக் காட்டிருச்சு. எதிர்ல நீலக்காரங்க நிக்கிறாங்க, மூஞ்சி தொங்கிப் போய். அந்த நேரத்துல வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போனா நான் சிவப்பா? பேண்டு மேடைல ஏறி மைக்கப் புடிச்சேன். கயிறு, ஊசி, ஸ்பிரிங்கு, ஒண்ணு விடாம புட்டுப் புட்டு வச்சேன். முடிஞ்சா செஞ்சு பாருங்கடான்னேன்.

செஞ்சுட்டாங்க.

அந்தப் பொண்ணு கேக்குது, ஏன் சார் முதல்லயே இங்க வரலன்னு. எங்க புனிதர் என்ன, இவங்க முத்திரை குத்துற வரைக்கும் ஊர்வலம் போகாம சர்ச் வாசல்லயே நிப்பாரா?

சரி, அது போகட்டும். இந்தத் தடவ ஏமாற மாட்டேன். இப்ப அங்கதான் போறேன், புதுசா ஒண்ணு வச்சிருக்கேன். வக்கீலம்மா கண்டிஷனா சொல்லிருச்சு. "விண்ணப்பம் குடுக்கிற வரைக்கும் யார்கிட்டயும் காட்டாதீங்க, சொல்லாதீங்க. இதுவும் போச்சுன்னா ஃப்ரெடுவ எதுவும் பண்ண முடியாது." என்னயப் பாத்தா ஓட்டவாய்னு நெனப்பு அதுக்கு. கட்டின பொண்டாட்டிகிட்டயே சொல்லல நான். கிளப்புத் தலைவர் என் ஷெட்டு வாசல்ல வந்து கெஞ்சினாரு, மூச்சு விடல. மடில இருக்கு பாருங்க, இந்தச் செருப்பு டப்பா. இதுக்குள்ள என்ன இருக்குன்னு இந்தத் தீவுல ஒருத்தருக்கும் தெரியாது.

பாக்கணுமா? வேணாங்கிறீங்க, ஆனா கண்ணு அங்கயேதான் போகுது. உங்ககிட்ட காட்டினா என்ன, நீங்க திருவிழா ஆளு மாதிரியே தெரியல. அந்த டீய இப்படித் தள்ளுங்க.

விரிஞ்ச பூ திரும்ப மூடும் தம்பி. மொட்டாயிரும். எங்கயாவது பாத்திருக்கீங்களா? கயிறெல்லாம் கெடையாது இப்ப. இந்தக் குழலுக்குள்ள மெழுகு, மெழுகு மேல ஈயக்குண்டு. சூடு ஏறினா மெழுகு உருகும், குண்டு எறங்கும், இதழெல்லாம் சேந்தாப்ல மூடிக்கும். குழல் செம்புல இருக்கணும். தகரத்துல செஞ்சா பாதில நின்னுரும், ஃப்ரெடு அங்கதான் கோட்ட விடுவான். சத்தமாவா பேசுறேன்? எஞ்சின் இரைச்சல்ல உங்களுக்குக் கேக்கணும்ல.

குழல உங்க டீக்குள்ள விடுறேன், அது போதும். பாத்துக்கிட்டே இருங்க. அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது. நீங்களும் வாங்க சார், பாக்குறதுக்கு டிக்கெட்டா போட்டிருக்கு? இதுக்குப் பேரு நார்டு சக்கரம். நார்டு, அது நான். இந்தா... எறங்குது... மூடுது பாருங்க...

கை தட்டாதீங்க. ரகசியம்.

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி, இது புதுசா இல்லையா? தம்பி?... எங்க போனாரு இவரு. பையவும் காணோம். பஸ்டிட்ஸிய அப்படியே வச்சிட்டுப் போயிட்டாரு.

ஏம்மா, நீ நம்ம ஊரு பேக்கரிக்காரர் மகதானே? எதுக்கு போன நீட்டிக்கிட்டு நிக்கிற? வீடியோவா... அழிச்சிரு கண்ணு. நான் இன்னும் ஆபீஸ்ல குடுக்கல, அதுக்குள்ள வெளிய போனா...

போட்டுட்டியா. எதுல?... ஊரு குரூப்புலயா. அதுல நீலக்காரங்களும்... ஃப்ரெடுவும் இருக்கானா?

பாத்துட்டானா?

...

கொஞ்சம் காட்டு. சத்தமா வை. நார்டு சக்கரம்னு நான் சொன்னது கேக்குதா?