ஆறு மணி வரை

எனக்கு நீளமான வாக்கியம் பிடிக்காது. தேர்தல் அலுவலகத்தில் இந்த வேலையை என் தலையில் கட்டியதும் அதனால்தான். வாக்காளர்கள் செல்போனில் கேட்கும் சந்தேகங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும். அது எந்தக் குறிப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ, அதைச் சுருக்கித் தருபவன் நான்.

குறிப்பில் இப்படி இருந்தது: 'வாக்குப்பதிவு ஆறு மணி வரை. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் அனைவரும், எவ்வளவு நேரமானாலும், வாக்களிக்கலாம்.' இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டேன். மிச்சமிருந்ததில் ஒரு பொய்கூட இல்லை, நீங்களே படித்துப் பாருங்கள்.

எங்கள் வார்டில் கவுன்சிலர் தேர்தலுக்கு என் அக்கா நின்றாள். நூற்பாலையில் அவளோடு வேலை பார்ப்பவர்கள்தான் அவளுக்குப் பலம். ஐந்தரைக்கு ஷிஃப்ட் விட்டு அவர்கள் வாக்குச்சாவடிக்கு வரும்போது ஐந்தேமுக்கால் ஆகிவிடும், வரிசையோ தெருமுனை வரை நிற்கும். அவர்கள் செல்போனை எடுத்துக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

செல்போன் கேள்வி-பதில் பதிவில் பார்த்திருப்பீர்கள். 'லைன் பெருசா இருக்கு, நின்னா ஓட்டு போட விடுவாங்களா?' என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே பதில், மரியாதையாக: 'வாக்குப்பதிவு ஆறு மணி வரை மட்டுமே.' அந்த 'மட்டுமே' நான் போட்டதல்ல. அதுவே சேர்த்துக்கொண்டது.

அக்கா நாற்பத்தொரு ஓட்டில் தோற்றாள்.

"நம்ம ஆளுங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்கடா. போன்ல கேட்டாங்களாம், ஆறு மணியோட முடிஞ்சிரும்னு சொல்லிருச்சாம்."

"விடுக்கா. உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பெல்லாம்?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

அப்பா நான்கு வருடமாகப் படுக்கையில். வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் அக்காதான் எல்லாம். ஜெயித்தால் கூட்டம், மனு என்று அலைய வேண்டும். "இனிமே காலையில நீ பாத்துக்க, ராத்திரி நான் பாத்துக்கறேன்" என்று ஓட்டுப்பதிவுக்கு முன்பே முறை பிரித்துவிட்டாள். அவளுக்கு ரத்த அழுத்தம் வேறு. அவள் உடம்பைப் பற்றி யாராவது யோசிக்க வேண்டாமா?

அந்த வாக்கியத்தை அழித்தது நான்தான். தெரிந்துதான் அழித்தேன், அவளுக்காக. காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்னை எத்தனை நாள் உள்ளே வைத்திருந்தாலும் பரவாயில்லை. அப்பாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அக்கா வீட்டில்தானே இருக்கிறாள்.