பலகை தாண்டிய கொப்பு

அழகப்பன்: தாண்டிடுச்சு பாய்.

காதர்: எது?

அழகப்பன்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்க செடிதான். பொதுத் தோட்டத்துல ஆளுக்கொரு பாத்தின்னு நடுவுல வச்ச பலகையைத் தாண்டி என் பாத்திக்குள்ள வந்துடுச்சு.

காதர்: மொதல்ல உக்காருங்க அழகப்பன். வந்ததும் வராததுமா...

அழகப்பன்: உக்கார வரலே. முப்பத்தோரு வருஷம் சிராங்கூன் ரோட்டுல பஸ் ஓட்டினவன் நான். எவனாவது என் லேனுக்குள்ள மூக்கை நுழைச்சா ஹார்ன் அடிப்பேன். செடிக்குக் காது கிடையாது. அதான் உங்ககிட்ட அடிக்கிறேன்.

காதர்: நாலு மாசமா அடிக்கிறீங்க.

அழகப்பன்: நீங்க நகரவே இல்லையே!

காதர்: ...இன்னைக்கும் லேட்டு. முன்னெல்லாம் சனிக்கிழமைன்னா ஏழு மணிக்கே வந்துடுவீங்க. இப்ப ஒம்போதரை ஆகுது.

அழகப்பன்: வயசாகுதுல்ல.

காதர்: ரோட்டுக்கு அந்தப் பக்கத்து பிளாக்கிலேருந்து நடந்து வர ரெண்டரை மணி நேரமா?

அழகப்பன்: சிக்னல்ல நின்னேன்.

காதர்: நல்ல சிக்னல். கையில என்ன பை?

அழகப்பன்: தே தாரிக். டீக்கடையில வாங்கினேன்.

காதர்: ரெண்டு பாக்கெட் தொங்குது.

அழகப்பன்: கடைக்காரன் தப்பா கட்டிட்டான்.

காதர்: போன வாரமும் தப்பா கட்டினான்.

அழகப்பன்: அவன் அப்படித்தான்லா. ஆமா, நீங்க ஒரு ஆளு, எதுக்கு ரெண்டு ஸ்டூல் போட்டிருக்கீங்க?

காதர்: ஒண்ணு கால் வைக்க.

அழகப்பன்: ரெண்டு காலும் தரையிலதானே இருக்கு.

காதர்: ...இனிமே வைப்பேன். உக்காருங்க, ஆறிடப் போகுது.

அழகப்பன்: இந்தாங்க, இதைக் குடிங்க. இதுல சீனி கம்மி.

காதர்: தப்பா கட்டின பாக்கெட்டுல எப்படி சீனி கம்மி?

அழகப்பன்: குடிங்க பாய்.

காதர்: சூடு போகலே. நல்லா இருக்கு.

அழகப்பன்: பேச்சை மாத்தாதீங்க. கத்திரி எங்க? கொப்பு வெட்டுற கத்திரி. கொண்டாறேன்னீங்கல்ல?

காதர்: மறந்துட்டேன். நீங்களும் கொண்டாறேன்னீங்க?

அழகப்பன்: ...நானும் மறந்துட்டேன்.

காதர்: நல்லதாப் போச்சு. நுனியைப் பாருங்க, மொட்டு விட்டிருக்கு. கிரேப் மர்ட்டில் புதுசா வளர்ற நுனியிலதான் பூக்கும். இப்ப வெட்டினா மொட்டோட போயிடும்.

அழகப்பன்: மே மாசமும் மொட்டுன்னீங்க. பூத்துச்சு, உதிர்ந்துச்சு, வெட்டலே. பூத்து முடிஞ்ச நுனியை வெட்டினா மறுபடி பூக்கும்னு எனக்கு கிளாஸ் எடுத்ததே நீங்கதான். உங்க பக்கத்துல ஒரு நுனி விடாம வெட்டியிருக்கீங்க. என் பக்கம் வந்த கொப்பை மட்டும் தொடவே இல்ல.

காதர்: அங்க கை எட்டலே.

அழகப்பன்: டன்லப் ஸ்ட்ரீட் துணிக்கடையில நாப்பது வருஷம் மேல்தட்டுலேருந்து துணி உருவின கை. ஒரு பலகையைத் தாண்டி எட்டாதா?

காதர்: துணியாலதானே இந்தச் செடியே வந்துச்சு... நர்சரியில சும்மா நடந்துக்கிட்டிருந்தேன். அந்த ஆளு கிரேப்னு சொன்னதும் நின்னுட்டேன். பூவைத் தொட்டுப் பார்த்தா அசல் கிரேப் துணி. சுருக்கம் சுருக்கமா... இஸ்திரி போட்டாலும் போகாத சுருக்கம். கடையை மூடி அப்ப ஏழு மாசம்.

அழகப்பன்: விரல் தேடுச்சாக்கும்.

காதர்: ...ஆமா. விரல் தேடுச்சு. நர்சரிக்காரன்கிட்ட உசரமாப் போகுமான்னு கேட்டேன். இது அந்த ஜாதி இல்ல, முட்டிக்கு மேல ஏறாது, அகலத்துலதான் படரும்னான்.

அழகப்பன்: நம்ம வயிறு மாதிரி.

காதர்: உங்க வயிறு மாதிரி.

அழகப்பன்: சரி, என் வயிறு. அதுவாவது என் சட்டைக்குள்ள இருக்கு.

காதர்: உங்க பாத்தியைப் பத்தி நான் ஒண்ணு கேக்கணும். பயத்தங்கொடியைப் பிடுங்கிட்டு யாரு காங்கோங் கீரை போட்டது?

அழகப்பன்: ...நான்தான்.

காதர்: எப்ப? நான் தினமும் காலையில வர்றேன். பார்க்கலியே.

அழகப்பன்: சாயங்காலம் வந்து போட்டேன். நீங்க தொழுகைக்குப் போயிருப்பீங்க.

காதர்: உங்களுக்குத்தான் காங்கோங்கே ஆகாதே. வழவழன்னு இருக்கும்னு திட்டுவீங்க.

அழகப்பன்: மனுஷன் மாற மாட்டானா? என்னை விசாரிக்காதீங்க. உங்க மகன் ரய்யான் போன் பண்ணானா?

காதர்: பண்ணுவான், ஞாயித்துக்கிழமை. வாப்பா ஓகேவான்னு கேப்பான். ஓகேன்னு சொல்வேன். முடிஞ்சுது.

அழகப்பன்: அவ்வளவுதானா?

காதர்: என் வீட்டுக்காரி சம்சு உசிரோட இருந்தவரைக்கும் போன் அவ கையில இருக்கும். அவ பேசுவா, நான் பக்கத்துல உக்காந்து சிரிப்பேன். எனக்குன்னு தனியா பேசத் தெரியாது... இப்ப வீட்டுல ரேடியோதான் பேசுது. தே குடிங்க.

அழகப்பன்: என் வீட்டுல எல்லாரும் பேசுவாங்க. ஆளாளுக்கு ரூமுக்குள்ள போயி, காதுல மாட்டிக்கிட்டு, வேற யார்கிட்டேயோ.

காதர்: மகன் வந்திருக்கானா? நீங்க தனியாத்தானே இருந்தீங்க?

அழகப்பன்: ...சொன்னேன், பொதுவா. இந்தக் கொப்பு விஷயத்துக்கு வாங்க பாய். ஒரு அடிக்கு மேல வந்துடுச்சு.

காதர்: நாலு இஞ்சு.

அழகப்பன்: நாலு இஞ்சா? டேப்பை எடுங்க, அளந்துடுவோம்.

காதர்: டேப் இல்ல.

அழகப்பன்: கழுத்துல தொங்குது.

காதர்: ...பழக்கம். மாட்டிட்டு வந்துட்டேன்.

அழகப்பன்: கொடுங்க. நீங்க அந்த முனையைப் பலகையில புடிங்க. நான் கொப்பைத் தூக்கி நேராக்குறேன்.

காதர்: வேணாம். தூக்காதீங்க. கிடக்கிற மாதிரியே அளங்க.

அழகப்பன்: வளைஞ்சு கிடந்தா எப்படி அளக்கிறது? துணியை வளைச்சு வச்சா அளந்தீங்க? ...இது என்ன, வர மாட்டேங்குது.

காதர்: விடுங்க, ஒடிஞ்சிடும்!

அழகப்பன்: நடுவுல மண்ணுக்குள்ள போயிருக்கு பாய். இருங்க... அட, வேர் விட்டிருக்கு! என் மண்ணுல வேர் விட்டிருக்கு!

காதர்: படர்ற செடி இல்லையா... அப்படித்தான்...

அழகப்பன்: இது என்ன கம்பி?

காதர்: எந்தக் கம்பி?

அழகப்பன்: கொப்பைக் கவ்விக்கிட்டு மண்ணுக்குள்ள நிக்குதே, இந்தக் கம்பி. கொண்டை ஊசி மாதிரி வளைச்சு... பாய், இது துணி மாட்டுற ஹேங்கர் கம்பி.

காதர்: கடையை மூடுறப்போ நிறைய மிச்சம் இருந்துச்சு.

அழகப்பன்: நீங்களா கொண்டாந்து குத்தினீங்க?

காதர்: ஏப்ரல்ல.

அழகப்பன்: நான் இல்லாதப்போ?

காதர்: நீங்க இருக்கிறப்போ எப்படிக் குத்துறது?

அழகப்பன்: சிரிக்காதீங்க. ஏன்?

காதர்: நான் சிரிக்கலே... உங்களுக்கு நத்தைச் சண்டை ஞாபகம் இருக்கா?

அழகப்பன்: மறக்க முடியுமா? உங்க பாத்தி நத்தையெல்லாம் ராத்திரியில வந்து என் பயத்தங்கொடியைத் தின்னுச்சு.

காதர்: அஞ்சு மாசம் சண்டை போட்டீங்க. ஒவ்வொரு வாரமும் ஒரு நத்தையைப் புடிச்சுக்கிட்டு வந்து, இது உங்க நத்தை, அடையாளம் தெரியுதுன்னு...

அழகப்பன்: தெரிஞ்சுச்சு.

காதர்: அப்புறம் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டீங்க. நத்தை நின்னுடுச்சு. உங்க சண்டையும் நின்னுடுச்சு. மூணு சனிக்கிழமை வந்தீங்க, தண்ணி ஊத்தினீங்க, தலையை ஆட்டிட்டுப் போயிட்டீங்க. நான் ஸ்டூல்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அழகப்பன்: கூப்பிட்டிருக்கலாமே. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

காதர்: கூப்பிட்டு என்ன சொல்றது? நாப்பது வருஷமா கடைக்கு வர்றவங்ககிட்ட 'வாங்க, என்ன பார்க்கணும்'னுதான் பேச ஆரம்பிச்சிருக்கேன். நடுவுல ஒரு துணி கிடக்கும். அதைப் பிரிச்சுப் போட்டுட்டா பேச்சு தானா வரும். துணி இல்லாம எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியலே.

அழகப்பன்: ...அதனால கொப்பைப் பிரிச்சுப் போட்டீங்க.

காதர்: எது கோடு தாண்டினாலும் நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னு தெரியும். கோவமா?

அழகப்பன்: ...

காதர்: ஏதாவது சொல்லுங்க. எப்பவும் போல சத்தம் போடுங்க.

அழகப்பன்: தே ஆறிப் போச்சு.

காதர்: தப்புதான். அடுத்தவர் மண்ணு. கேக்காம குத்தியிருக்கக் கூடாது. இருங்க, அந்தப் பையை எடுக்கிறேன்.

அழகப்பன்: என்னது அது? கத்திரியா? மறந்துட்டேன்னீங்க?

காதர்: எல்லா வாரமும் பைக்குள்ளதான் இருந்துச்சு. நகருங்க, பலகைகிட்ட ஒரே வெட்டு.

அழகப்பன்: இருங்க பாய்.

காதர்: பரவாயில்ல. இதுக்கு மேல இழுத்தா அசிங்கம். இனி உங்க பாத்தி உங்களுக்கு, நீங்க கத்தவும் வேண்டியதில்ல. நான் கால் வைக்க ஸ்டூல் வச்சுக்கிறேன்.

அழகப்பன்: வெட்டாதீங்கன்னு சொல்றேன்ல.

காதர்: நாலு மாசமா வெட்டு வெட்டுன்னு நின்னீங்களே!

அழகப்பன்: மொட்டு இருக்கு.

காதர்: மொட்டுக்கு ஒண்ணும் ஆகாது. வேர்தான் விட்டிருக்கே, இங்க வெட்டினா அந்தப் பக்கம் இருக்கிறது தனிச் செடி. மண்ணோட பெயர்த்து ஒரு தொட்டியில வச்சுத் தர்றேன். வெயில் படுற மாதிரி உங்க வீட்டு வாசல்ல வச்சுக்குங்க, அகலமா நல்லாப் பூக்கும். பக்கத்து பிளாக்தானே, தூக்கிட்டுப் போக அஞ்சு நிமிஷம்.

அழகப்பன்: ...

காதர்: என்ன, வேணாமா?

அழகப்பன்: அந்த வீட்டை ஜூன் மாசமே வித்தாச்சு பாய், இப்ப வடக்குக் கோடியில, உட்லண்ட்ஸ்ல மகன்கூட இருக்கேன். வீட்டோட இந்தப் பாத்தியும் கைமாறிடுச்சு, இப்ப வேற ஒரு பொண்ணோடது, காங்கோங் போட்டதும் அதுதான். கொப்பு கிடந்தா கிடக்கட்டும், பூ அழகா இருக்குன்னு அது எப்பவோ சொல்லிடுச்சு... நீங்க பாட்டுக்கு ஒரு தொட்டியைக் கையில கொடுத்து அனுப்பிட்டா, அடுத்த சனிக்கிழமை நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டு இவ்வளவு தூரம் வருவேன்?