மருமகள் செய்த பெட்டி

கடந்த மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு என் மருமகள் பன்னிரண்டு கோழிமுட்டைகளைப் பெட்டிக்குள் அடைக்கு வைத்தாள். பெட்டி அவளே செய்தது. பழைய தெர்மாகோல் பெட்டி, ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், சூடு ஏறினால் பல்பை அணைக்கும் சிறு கருவி. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

இரண்டு முறை கரு கலைந்தவள் அவள். உங்கள் குழந்தைகள் இல்லத்தில் வளரும் பெண் குழந்தையைத் தத்தெடுக்க அவளும் என் மகனும் விண்ணப்பித்திருந்தார்கள். ஏன் பின்வாங்கினார்கள் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். வீடு தேடி வந்தவரிடம் பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் அந்தக் குழந்தை இங்கே வந்திருந்தது. ஒரு முட்டையின் மேல் பென்சிலால் கோணலாக ஒரு வட்டம் போட்டது.

"குஞ்சு வர்ற அன்னைக்கு உன்னையும் கூட்டிட்டு வந்துடுவோம். அப்புறம் நீ இங்கயேதான்" என்றாள் மருமகள்.

முட்டைக்கும் குழந்தைக்கும் முடிச்சுப் போட்டவள் அவளே, நான் அல்ல.

யார் பெற்றது என்று தெரியாத பிள்ளை என் வீட்டில் வளர்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். இந்த வீட்டில் சண்டை வந்ததே கிடையாது.

முட்டைகளை அடைக்கு வைத்து ஒரு வாரம் கழித்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு முட்டையைப் பிடித்துக் காட்டினாள். சிவந்த நரம்புகளின் நடுவே ஒரு புள்ளி துடித்தது.

"தெரியுதா அத்தை?"

"தெரியுதும்மா."

தெரிந்தது. மறுநாள் அவள் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த நேரத்தில், பன்னிரண்டையும் எடுத்து வேகவைத்தேன். ஓடு விரிசல் விடாதபடி தண்ணீரை மெல்ல மெல்லச் சூடாக்கினேன். ஆறியதும் ஈரம் துடைத்து, அதே வரிசையில் அடுக்கி மூடினேன்.

அதன் பிறகும் அவள் அவற்றைத் தவறாமல் திருப்பி வைத்தாள், அவற்றோடு பேசினாள். மீண்டும் டார்ச் அடித்தபோது உள்ளே ஒரே இருட்டு.

"முழுசா நிறைஞ்சுட்டாங்க அத்தை. வெளிச்சமே உள்ள போகல."

"தூங்குறாங்க. தொந்தரவு பண்ணாதே" என்றேன். வாடை வந்தபோது, உயிருள்ள இடத்தில் வாடை இருக்கத்தான் செய்யும் என்றும் சொன்னேன்.

குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் கடந்ததும், கோணல் வட்டம் போட்ட முட்டையை உடைத்தாள்.

"வெந்து போயிருக்கு அத்தை. நான் செஞ்ச பெட்டிதானே. நானே வேக வச்சுட்டேன்."

அவள் கண்ணீரை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"விடும்மா, முட்டைதானே. நாளைக்குப் பிள்ளைய குளிப்பாட்ட வெந்நீர் வைப்பே பாரு, அப்ப மட்டும் சூடு பாத்துக்கோ."

வேறொன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவள் அடுப்பைத் தொடுவதில்லை. சமையல் என் பொறுப்பில் ஒழுங்காக நடக்கிறது.

இறுதியில் முடிவானது இவ்வளவுதான்: குழந்தையை அழைத்து வருவதில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொன்னவள் என் மருமகள். என் மகன் சம்மதித்தான். "நீ என்னம்மா சொல்றே?" என்று அவன் என்னையும் கேட்டான். உங்கள் விருப்பம் என்றேன். பிள்ளைகள் எடுக்கும் முடிவில் பெரியவர்கள் தலையிடுவது முறையல்ல.