லேனியர் திருப்பி வைத்த சுருட்டு

சுருட்டை உறையோடு வைப்பதா, உரித்து வைப்பதா என்று கேட்டால், உறையோடுதான் என்பேன். மெல்லிய கண்ணாடித்தாள் அது. ஈரம் உள்ளே போகும், வெளியே வரும். கை மட்டும் படாது. முதலாளி ஃபெர்மினுக்கு அது பிடிக்கவில்லை.

“கல்யாணப் பொண்ணு மாதிரி எல்லாம் முக்காடு போட்டுக் கெடக்கு. உரிச்சு விடுய்யா, வாசம் ஒண்ணோட ஒண்ணு கலக்கட்டும்.”

அமெரிக்காவில் டாம்பா நகரத்து எங்கள் கடையில், சுருட்டு காயாமல் வைக்கும் ஈர அறையில் இருந்த அத்தனையையும் நான்தான் உரித்தேன்.

புகையிலை பறித்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. பச்சை இலைச் சாறு தோலில் ஊறி, வயலிலேயே வாந்தியெடுத்துவிட்டு மறுபடி பறித்திருக்கிறேன். ஆனால் வக்கீல் லேனியரைப் பார்க்கும்போது வந்த குமட்டல் வேறு. பன்றிக்கறி தின்ற வாயைக் கழுவாமல் வருவார். ஒரு சுருட்டை எடுத்து மூக்கில் செருகி உறிஞ்சுவார். பிறகு நுனியை வாயில் விட்டுச் சுழற்றுவார். பிடிக்கவில்லையென்றால் அப்படியே தட்டில் வைப்பார். எச்சில் நூலாக இழுபடும். அதில் கொழுப்பு மினுங்கும்.

“வாங்குறதை மட்டும் வாயில வைங்க சார்,” என்றேன் ஒருமுறை.

“ஏன் பெருசு, முத்தம் உனக்கா குடுத்தேன்?”

ஃபெர்மினும் சேர்ந்து சிரித்தார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வண்டுக்கு அடிக்கிற மருந்து பின்கட்டில் இருந்தது. அவர் கை முதலில் போகும் தட்டில், ஒரே ஒரு சுருட்டின் நுனியில் தடவினேன். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நுனியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். நக்குகிறவன் மட்டுமே சாவான். அநியாயமாக நான் எதுவும் செய்யவில்லை.

லேனியர் வந்தார், சுழற்றினார், “காரம்” என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார். தன் அலுவலகத்தில் விழுந்து செத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தச் சுருட்டை உடனே எறிந்திருக்கலாமே என்கிறீர்கள். அந்த எச்சிலை வெறுங்கையால் யார் தொடுவது? கையுறை எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆர்காடியோ நிற்கிறான். என் ஊர்க்காரன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

“மகளுக்குப் பையன் பொறந்திருக்கான்டா! இன்னைக்கு மட்டமான சரக்கு வேணாம். அதை எடு,” என்று அதையே காட்டினான்.

அவன் நுனியை வெட்டுவதில்லை. எங்கள் வயல்காட்டு ஆட்களைப் போல பல்லால் கடித்துத் துப்புகிறவன். அது எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார் ஃபெர்மின், பக்கத்திலேயே நின்றார். நான் என்ன செய்ய முடியும்?

“தாத்தாவாயிட்ட. நிதானமா குடி,” என்றேன்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கடித்தான். ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போய்விட்டது.

ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து இலைக்குள் ஊறிவிட்டிருந்தது, ஆனால் எச்சில் மேலேதான் இருந்தது. அதை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அடுத்தவன் எச்சிலை ஆர்காடியோ வாயில் வைக்க விடுகிற அளவுக்கு நான் ஈனன் இல்லை.