முருகேசு மகள், புளியங்கூடல்

— அந்தப் பேரை வெட்டிவிடுங்கோ பரராசசிங்கண்ணை. மிசின் விட்ட பிழைக்கு என்ர தங்கச்சி ஏன் அழவேணும்?

— பொறும் பரிமளம், கதிரையில இரும். சரவணையில மாமி வீட்டில இருந்து இந்த வெயிலுக்குள்ள நடந்தே வந்தனீர்?

— வேறென்ன செய்யிறது? இந்தியன் ஆமியும் போயிட்டாங்கள், பஸ்தான் இன்னும் ஒழுங்கில்லை. அதை விடுங்கோ. சவுந்தரி நேர்ஸ் படிப்புக்கு எடுபட்ட பிள்ளை. அடுத்த கிழமை போகவேணும். இப்ப கடிதம் வந்திருக்கு, உமக்குச் சயரோகம் இருந்தது, மருந்தைப் பாதியில விட்டிட்டீர், இந்த முறை சேர்க்கேலாது எண்டு. அவளுக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட வந்து நான் காணேல்லை!

— பொறும், பொறும். போன வருசம் தீவுப்பகுதியில மருந்தெடுத்த ஆக்களின்ர விபரம் எழுதின கிளினிக் காட் எல்லாத்தையும் பெட்டி பெட்டியாக் கட்டி ரவுண் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தினவை. அங்க ரெண்டு பெட்டையள் இருந்து கொம்பியூட்டரில அடிச்சுப்போட்டுக் காட்டுகளைத் திருப்பி அனுப்பினவை. இனி ஒரு ஆஸ்பத்திரியில மருந்தெடுத்தால் மற்ற ஆஸ்பத்திரிக்கும் தெரியும். தங்கச்சி மெடிக்கலுக்குப் போனநேரம் அவவின்ர பேரை அதில தட்டிப் பாத்திருக்கினம். முந்தி எண்டால் அந்தக் காட் எங்கட கிளினிக்கில இந்த அலுமாரிக்குள்ளயே கிடந்து கறையான் தின்னும்.

— தின்னட்டும் எண்டு விட்டிருக்கலாமே! அந்தப் பெட்டையள் ஆற்றயோ பேரை மாறி அடிச்சிருப்பினம்.

— நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அதுதான் பழைய காட்டைத் தேடி எடுத்தனான். இந்தா, நீரே பாரும். எண்பத்திரண்டு, ஆவணி. ஞானசவுந்தரி, முருகேசு மகள், புளியங்கூடல். ரெண்டு மாசம் நெடுக ஊசி. பிறகு குளிசை. ஒரு வருசத்துக்குக் கிட்ட எடுக்கவேண்டியது. மாசி மாசத்தோட ஆள் வரேல்லை.

— வயதைப் பாருங்கோ, வயதை. இருபது எண்டு கிடக்கு. என்ர தங்கச்சிக்கு அப்ப பன்னிரண்டு.

— அதையும் பாத்தனான்.

— பிறகென்ன? இது வேற ஆரோ ஞானசவுந்தரி.

— புளியங்கூடலில முருகேசுவுக்கு அந்தப் பேரில ரெண்டு மகள்மாரோ?

— எனக்கென்ன தெரியும்? உங்கட ஆக்கள் எழுதினது.

— நான் அப்ப மன்னாரில வேலை. இஞ்ச இருந்திருந்தால் மருந்தெடுத்த ஆளின்ர முகத்தை மறந்திருக்க மாட்டன்.

— கடிதம் வந்த கையோட அண்ணை, அவள் நேர்ஸ் உடுப்புத் தைக்கக் குடுத்த வெள்ளைத்துணியையும் போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திட்டாள். வெட்டுறீங்களோ இல்லையோ?

— வெட்டேலாது. திருத்தலாம். திருத்திறதெண்டால், இந்த மருந்தை எடுத்தது ஆர் எண்டு நான் எழுதவேணும். ஆளில்லாமல் ஒரு நோய் இருக்கேலாது பிள்ளை.

— செத்துப்போனா எண்டு எழுதுங்கோ.

— ஆர் செத்தது?

— ஆரோ.

— பரிமளம், உமக்கு ஒண்டு சொல்லவேணும். சொல்லுறதோ விடுறதோ எண்டு நீர் வந்த நேரம் தொடக்கம் யோசிக்கிறன். நேற்று உம்மட தங்கச்சி இஞ்ச வந்தவ.

— சவுந்தரியோ? எனக்குச் சொல்லேல்லையே.

— உந்தக் கதிரையிலதான் இருந்தவ. நானே கேட்டன், பிள்ளை, வயது பொருந்தேல்லை, இது நீர் இல்லைத்தானே எண்டு. காட்டை வாங்கி வாசிச்சுப் பாத்தா. பிறகு, வயதைப் பிழையா எழுதிப்போட்டினம், மருந்தெடுத்தது நான்தான் எண்டு சொன்னா. கையெழுத்தும் வைச்சிட்டுப் போட்டா.

— ஐயோ, விசரி!

— நெஞ்சுப் படம் நல்ல சுத்தமாம். எண்டாலும் மருந்தைப் பாதியில விட்ட ஆளை ஒரு வருசமாவது வைச்சுப் பாத்துத்தான் எடுப்பினம், அடுத்தமுறை இடம் கிடைக்குமோ தெரியாது எண்டும் சொன்னனான். அதுக்கும் ஓம் எண்டவ.

— அவளுக்கு எல்லாம் தெரியும். அண்டைக்கு என்னோட துணைக்கு வந்தவள் அவள்தான். உதில, அந்த யன்னலுக்குக் கிட்ட நிண்டவள். பேரென்ன எண்டு கேட்டினம். என்ர வாயில அவளின்ர பேர் வந்திட்டுது.

— தானா வந்ததோ பிள்ளை?

— இல்லை. வழி முழுக்க நினைச்சுக்கொண்டு வந்தனான். சரவணை ஆக்கள் என்னைப் பொம்பிளை பாக்க வர இருந்தவை. சயக்காரி எண்டால் ஆர் எடுப்பினம்? அவள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவளை ஆர் விசாரிக்கப்போயினம் எண்டு நினைச்சன். மாசியில கலியாணம் முடிஞ்சுது. பிறகு மாமிக்கு என்ன சொல்லிக்கொண்டு இஞ்ச குளிசைக்கு வாறது? விட்டிட்டன். இருமல் நிண்டிட்டுது, அப்ப சுகம்தானே எண்டு நினைச்சிட்டன்.

— எட்டு வருசமா அவவின்ர பேரில.

— ஓம். அவளின்ர கையெழுத்தைக் கிழியுங்கோ. என்ர பேரை எழுதுங்கோ.

— யோசிச்சுச் சொல்லும். நான் எழுதினால் இது இந்த அலுமாரியோட நிக்காது. ரவுணுக்குப் போகும். அங்கால இருந்து சுகாதாரப் பரிசோதகர் உம்மட வீட்டை வருவார். ஒரு ஆள் விடாமல் சளி எடுத்துப் பாப்பினம். மாமி அறிவா, அவர் அறிவார், அயலட்டை அறியும். நோயை ஒளிச்சுக் கலியாணம் கட்டினவள் எண்டு உம்மைப் பிறந்தவீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்?

— எழுதுங்கோ அண்ணை. பரிமளம். முருகேசு மகள்.

— நான் எங்கயும் ஓடேல்லை. வீட்டை போய் முதல்ல அவரோட கதைச்சுப்போட்டு, நாளைக்கு வாருமன்.

— நாளைக்கு வேண்டாம். இண்டைக்கே ஆளை வரச் சொல்லுங்கோ. அவர் மூண்டு மாசமா இருமுறார் அண்ணை. தோட்டத்துப் புகையிலைத் தூள்தான் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்.