திமிங்கிலம் பார்க்கப் போகும் கப்பல்

பாரிஸ் லா சப்பலில் மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். இளையவர் திடீரென்று மற்றவரிடம் கேட்டார்:

"அண்ணை, திமிங்கிலம் காட்டுற கப்பல் நாட்டு எல்லை தாண்டிப் போகுமோ?"

"ஏன், திமிங்கிலத்தோடை குடியேறப் போறியோ?"

"பகிடி விடாதேங்கோ. மகள் நோர்வேயிலை படிக்கிறாள். எனக்கும் மனுசிக்கும் அந்தக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திட்டாள். என்ரை விசா கார்ட் முடிஞ்சு போச்சு. புதுசு வருமட்டும் தந்த தற்காலிகத் துண்டு, றெசெப்பிசேதான் கையிலை இருக்கு."

"அதோடை போகலாமோ?"

"பிளேனிலை போகலாம் எண்டு வக்கீல் சொன்னவர். கப்பலைப் பற்றி நான் கேக்கேல்லை. கடலுக்கை போய்த் திரும்பேக்கை பொலிஸ் மறிச்சால்?"

"காலமை போய்ப் பின்னேரம் அதே கரைக்குத்தானே வாறியள். ஆர் மறிக்கிறது? மகளிட்டைக் கேளன்."

"சிரிப்பாள். அப்பாவுக்கு எல்லாத்துக்கும் பயம் எண்டு ஏற்கெனவே சொல்றவள்."

வரிசை நகர்ந்தது. இளையவர் கூடையைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப கடல் வயித்தைப் பிரட்டும் எண்டு சொல்லிப்போட்டுக் கரையிலை நில்."

"நேற்றே சொல்லிப் பார்த்தனான் அண்ணை. அதுக்குக் குளிசை வாங்கி வச்சிட்டாளாம்."